அறுபதுக்கு மேல் கார் வேலை: நின்றபடியே தொடங்குங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு சொந்தக் காரின் பானட்டைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். வேலைக்குப் போன காலத்தில் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு சாயந்திரம் வாங்கிக்கொண்டவர்களுக்கு, இப்போது காலைப் பொழுது கையில் இருக்கிறது. கூடவே ஒரு தயக்கமும் இருக்கிறது. இந்த வயதில் காருக்கு அடியில் படுத்து வேலை பார்க்க முடியுமா?

படுக்கவே வேண்டாம். காரில் அடிக்கடி வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி, நின்றபடியோ ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தபடியோ கை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பேட்டரி, டயர் காற்று, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஃபில்டர், பல்பு, ஃபியூஸ், வைப்பர், ஸ்பார்க் பிளக் எதற்கும் மல்லாந்து படுக்கத் தேவையில்லை. அதனால் முதல் வருடத்துக்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் என் உடம்பின் எந்தப் பகுதியும் போகாது. இந்த விதிக்குள் நின்றே ஒருவர் தன் காரை நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது நம் ஊர் வீடுகளில் அதிகம் நிற்கும் சின்ன பெட்ரோல் கார்கள். ஆல்டோ, வேகன்ஆர், ஐ10, 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்து நம் தெருக்களை நிறைத்த சான்ட்ரோ மாதிரியானவை. வாரன்டி முடிந்த வண்டியாக இருக்கட்டும். வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸில் விட்டுவிட்டு, நீங்கள் பார்ப்பதும் அளப்பதும் மட்டும் செய்யுங்கள்.

பணம் கொஞ்சம் மிச்சமாகும். அதை முக்கியக் காரணமாக நினைக்க வேண்டாம். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் வண்டி நின்றுபோகாமல் இருப்பதும், மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் வருது" என்பதற்குப் பதிலாக "காலையில் முதல் தடவை செல்ஃப் எடுக்கும்போது மட்டும் இழுக்குது, பேட்டரி 12.2 வோல்ட் காட்டுது" என்று சொல்ல முடிவதும்தான் பெரிய லாபம்.

முதலில் உடம்பு

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் பானட்டைத் தொடவே முடியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் இன்ஜின் குளிர்ந்திருக்கும் என்பதால் ஆயில், கூலன்ட், டயர் காற்று எல்லாவற்றையும் சரியாக அளக்கவும் அதுதான் நேரம்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். ஃபேன் பெல்ட் துணியை இழுத்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். பேன்ட், கை ஒட்டிய சட்டை, மூடிய ஷூ போதும். மோதிரம், உலோகக் கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பேட்டரியின் பாசிடிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். கீழே விழுந்த திருகை மிதித்தது தெரியாமலே போகும். வெறுங்காலோடு வேலை பார்க்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறலே நெடுநேரம் கசியும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுந்திருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இன்ஜின் மேல் நெஞ்சு வரும்படி குனியக் கூடாது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இவற்றைச் சுற்றி மின்காந்தப் புலம் இருக்கும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், ஜம்பர் கேபிளைத் தொடலாமா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வேலை பார்க்கப் போவதாக வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். போன் சட்டைப் பையில் இருக்கட்டும். குனிந்தால் விழாத மாதிரி பட்டன் போட்ட பை.

அப்புறம் கண். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு இன்ஜினுக்குள் பார்க்கும்போது கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டியிருக்கும், முக்கியமாக இரட்டைப் பார்வைக் கண்ணாடி என்றால். முழுக்கக் கிட்டப் பார்வைக்கு மட்டுமான ஒரு மலிவான கண்ணாடியை இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. தலையில் பட்டையாகக் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்குங்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பார்க்கும் இடத்திலெல்லாம் வெளிச்சம் விழும்.

தொடவே கூடாதவை

ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருக்கும் ஏர்பேக், அதற்குப் போகும் மஞ்சள் நிற இணைப்புகள். ஏசி கேஸ் குழாய்கள். பெட்ரோல் லைன். சிஎன்ஜி சிலிண்டரும் அதன் குழாயும். ஷாக் அப்சார்பரைச் சுற்றிய ஸ்பிரிங். அழுத்தி அடைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். ஹைபிரிட் வண்டி என்றால் ஆரஞ்சு நிற வயர் எதுவானாலும். பிரேக்கின் ஆயில் குழாய்களும் இந்தப் பட்டியலில்தான். இவை எல்லாம் தெரிந்தவர் செய்யட்டும்; அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், போதும்.

என்ன கருவி வாங்கலாம்

பெரிய டூல் பாக்ஸ் வேண்டாம். மாருதி, ஹூண்டாய் சின்ன வண்டிகளில் பானட்டுக்குள் நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை 10, 12, 14 மில்லிமீட்டர் என்ற மூன்று அளவுக்குள் அடங்கிவிடும். 8 முதல் 19 வரை ஒரு ரிங் ஸ்பானர் செட், ஒரு சாக்கெட் செட், இரண்டு வகை ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், வோல்ட் அளக்க டிஜிட்டல் மல்டிமீட்டர், டயர் பிரஷர் கேஜ் இருந்தால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். டபாரியா மாதிரி உள்நாட்டுக் கம்பெனிச் சாமானே போதும். விலை மலிவான பெயர் தெரியாத ஸ்பானர், நட்டின் முனையைத் தேய்த்துவிடும். அப்புறம் மெக்கானிக்காலும் அதைக் கழற்ற முடியாது.

வயதுக்காகக் கூடுதலாக வாங்க வேண்டியவை சில உண்டு. அடியில் காந்தம் வைத்த ஒரு தட்டு. கழற்றிய திருகு விரலிலிருந்து நழுவினாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். முட்டிக்குக் கீழே போட ஒரு கெட்டியான ரப்பர் மெத்தை. இரண்டடி நீளக் கைப்பிடி கொண்ட சாக்கெட் பார். கைப்பிடி நீளமானால் பலம் குறைவாகப் போதும். கடைசியாக டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும். கையின் பலம் முன்போல இல்லை, போதுமான அளவு இறுக்கினோமா என்ற சந்தேகத்தை அது தீர்த்துவிடும்.

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். காணாமல் போயிருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் மாடல், வருடம் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். ஆயில் எந்த ரகம், எத்தனை லிட்டர், டயருக்கு எவ்வளவு காற்று, வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்குச் சரியான அளவு உங்கள் வண்டிக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, அளந்த எண். எதையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று ஞாபகத்தை நம்ப வேண்டியதே இல்லை.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

எந்தத் திருகையும் கழற்றாமல் வாரம் ஒருநாள் காலையில் பானட்டைத் திறந்து பாருங்கள். சமதளத்தில் நிற்கும் வண்டி, குளிர்ந்த இன்ஜின். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; வேலை செய்த ஆயில் கறுக்கும். பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்திருந்தால்தான் கவலை. ஆயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்.

கூலன்ட் டப்பாவில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, எதுக்கு கூலன்ட்? பச்சைத் தண்ணி போதும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் உறையாமல் காப்பதோடு நிற்பதில்லை. இன்ஜினுக்குள் துருப்பிடிக்காமல் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். குறைந்தால் அதே ரகக் கூலன்ட்டை ஊற்றுங்கள். கலக்க வேண்டிய ரகம் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். அதன் இனிப்பு ருசிக்கு நாயும் பூனையும் நக்கும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிய நீர் இருக்கும். மூடி விடுபட்டதும் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணிக்கு மேல் காத்திருங்கள். மூடியைக் கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது. அதற்குப் பிறகுதான் திறப்பது.

பிரேக் ஆயில் டப்பாவை வெளியிலிருந்து பார்த்தாலே அளவு தெரியும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம் என்பதால் மூடியைச் சும்மா திறந்து பார்க்க வேண்டாம். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். அளவு சட்டென்று இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், காட்டுங்கள். ஈரம் சேர்வதால்தான் பல கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

எலி! நம் ஊரில் இதையும் சோதனையில் சேர்த்தே ஆக வேண்டும். அதிகம் ஓட்டாத காரின் பானட்டுக்குள் எலி கூடு கட்டும், வயரைக் கடிக்கும். புழுக்கை, கிழிந்த பஞ்சு, கடித்த வயர் உறை தெரிகிறதா என்று பாருங்கள். வண்டியைத் தினமும் எடுப்பதும், நிறுத்தும் இடத்தில் அரிசி மூட்டை, நாய்ச் சோறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான் இதற்கு நல்ல வழி.

பேட்டரி

வயதானவர்களின் காரில் முதலில் படுத்துவிடுவது பேட்டரிதான். காரணம் எளிது: வண்டி குறைவாக ஓடுகிறது. கோயில், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால், செல்ஃப் எடுத்த கரன்ட்டை ஆல்டர்னேட்டர் திருப்பித் தருவதற்குள் இன்ஜின் அணைந்துவிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். இது செலவில்லாத பராமரிப்பு.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை பேட்டரியின் பாசிடிவிலும், கறுப்பை நெகடிவிலும் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் அன்று சார்ஜ் போட்டே ஆக வேண்டும். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அளங்கள்: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது. ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். (சில புதிய வண்டிகளில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.) மூன்றாவது சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். அவர் செல்ஃப் எடுக்கும் அந்த விநாடிகளில் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால், நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே விழுந்தால், பேட்டரியின் காலம் முடிந்தது.

பல தடவை பேட்டரியில் குறையே இருக்காது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்புதான் கரன்ட்டைத் தடுக்கும். அதைச் சுத்தம் செய்யும் முறை இது:

1. சாவியை எடுத்து, விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியானால் அதை முன்பே எழுதி வையுங்கள்.
2. நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். காரின் பாடி முழுக்க நெகடிவோடு இணைந்தது. பாசிடிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகடிவ் கழன்ற பிறகு பட்டால் ஒன்றும் ஆகாது.
3. அப்புறம் பாசிடிவ். இரண்டு கேபிளையும் பேட்டரியைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள்.
4. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக் கரையும். பேட்டரியின் மேல் மூடித் துளைகளுக்குள் அது போகக் கூடாது, ஆசிட்டைக் கெடுத்துவிடும்.
5. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் பாசிடிவை முதலில் மாட்டுங்கள், நெகடிவைக் கடைசியில். முனை கையால் அசைத்தால் அசையக் கூடாது.
6. மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள்.

இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

பேட்டரியையே மாற்ற வேண்டும் என்றால் நானாக இருந்தால் தூக்க மாட்டேன். சின்னக் கார் பேட்டரியே பத்துக் கிலோ பக்கத்தில் இருக்கும். அதைக் குனிந்து, கை நீட்டிய நிலையில், ஒரு பள்ளத்திலிருந்து தூக்குவது இடுப்புக்கு மிகக் கெடுதல். நம் ஊர் பேட்டரிக் கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு விலையிலும் கழித்துக்கொள்வார்கள். புதியதன் மேல் போட்டிருக்கும் தேதியை நீங்கள் பாருங்கள், மாட்டியதும் வோல்ட்டை நீங்கள் அளங்கள். அது போதும்.

ஜம்பர் கேபிள் போடும் வரிசையை ஒரு அட்டையில் எழுதி டிக்கியில் ஒட்டிவிடுங்கள்: சிவப்பு, இறந்த பேட்டரியின் பாசிடிவில்; சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிடிவில்; கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகடிவில்; கறுப்பின் கடைசி முனை, நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஏதாவது இரும்பில். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அது பேட்டரிக்குத் தள்ளி வரட்டும் என்பதற்காக இந்த வரிசை. எடுக்கும்போது தலைகீழாக எடுக்க வேண்டும்.

சக்கரம் மாற்றுவது: வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்

காற்று அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் மாதம் ஒருமுறை அளங்கள்; தேவைப்படும் நாளில் அதுவும் காற்றிறங்கிக் கிடந்தால் பயனில்லை. டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக இருக்கும் DOT குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வயதானவர்களின் காரில் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விட்டு முதிர்ந்துவிடும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் மாற்ற வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்து பக்கவாட்டில் கீறல் கீறலாக இருந்தாலும் மாற்றுங்கள்.

சக்கரத்தை வீட்டு வாசலில், சமமான கெட்டித் தரையில், அவசரமில்லாத ஒரு காலையில் மாற்றிப் பழகுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். வீல் ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிப்பதைப் பலர் செய்வார்கள். அறுபதுக்கு மேல் அதைச் செய்யவே வேண்டாம். ஸ்பானர் நழுவினால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். இரண்டடி பாரை மாட்டி, கைகளை நீட்டி வைத்துக்கொண்டு உடம்பின் எடையை அதன் மேல் கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும். மேல்நோக்கி இழுக்காதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள். கதவுக்குக் கீழே வெட்டு அடையாளம் இருக்கும். வண்டி தூக்கியதும் ஸ்டெப்னியை அந்தப் பக்கத்துக் கதவுக்கு அடியில் படுக்க வைத்துத் தள்ளிவிடுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் கார் அதன் மேல் உட்காரும். கழற்றிய சக்கரத்தை வைக்கும்போது இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். சக்கரத்தைக் கையில் தூக்கி மாட்டாதீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, சக்கரத்தை உருட்டி எதிரே நிறுத்தி, அதன் அடியில் ஒரு மரக்கட்டையை நுழைத்து, கட்டையின் மறுமுனையைக் காலால் அழுத்துங்கள். சக்கரம் தானாக மேலே வந்து போல்ட்டில் உட்காரும்.

நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் கையால் திருகி, ஜாக்கியை இறக்கிய பிறகு எதிரெதிராக இறுக்கி, டார்க் ரெஞ்ச்சில் கையேட்டு அளவுக்கு முடியுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆனால் இதைச் செய்யாதீர்கள். வேகமாக வரும் லாரி ஓட்டுநருக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிய மாட்டார். சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்று, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிடுங்கள். இன்ஷூரன்ஸோடு சாலை உதவி இருந்தால் அந்த எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள்.

சின்ன வேலைகள்

ஐப்பசி மழைக்கு முன் வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். கைப்பிடியைத் தூக்கிவிட்டு பிளேடைக் கழற்றும்போது கண்ணாடி மேல் தடித்த துண்டை விரியுங்கள். வெறும் கம்பி சடாரென்று மடங்கிக் கண்ணாடியை உடைத்துவிடும். ஏர் ஃபில்டர் கிளிப்பைத் தளர்த்தினால் வரும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஏசிக் காற்று நாறினாலோ குறைந்தாலோ கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டின் இடப்பக்க டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், அம்புக்குறி பார்த்துப் போடுங்கள்.

ஹெட்லைட் எச்4 பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். ஃபியூஸ் நிறம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போனது எந்த நிறமோ அதே நிறம்தான் போட வேண்டும். அதிக ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். புதியதும் உடனே போனால் வயரில் கோளாறு, அதை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

உதிரிபாகம் வாங்கும்போது

ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனி உதிரிபாகக் கடையில் அந்த எண்ணைக் கொண்டே சரியான பாகத்தைத் தேடித் தருவார்கள். சென்னையில் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய வண்டியின் கிடைக்காத கதவுக் கைப்பிடி, கண்ணாடிக்குப் புதுப்பேட்டை. ஆனால் பிரேக், ஸ்டீயரிங் தொடர்பான எதையும் பழசாக வாங்காதீர்கள். ஃபில்டர், பிரேக் பேட் இவற்றில் போலி அதிகம். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து

கை பழகிய பிறகு ஸ்பார்க் பிளக்குக்குப் போகலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியத்தில் இருக்கும் மரை பிய்ந்துவிடும். ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காயிலைக் கழற்றி, குழியில் இருக்கும் தூசியை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைத் திருகுங்கள். புதியதை நீளமான சாக்கெட்டில் வைத்து, விரலால் மட்டும் திருகி உள்ளே இறக்குங்கள். தடுத்தால் எடுத்து மறுபடி நேராக வையுங்கள். கடைசி இறுக்கம் மட்டும் டார்க் ரெஞ்ச்சில். பழைய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஒரு புளூடூத் ஸ்கேனர் உதவும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு இணைக்க இருக்கும் ஓபிடி துளையில் செருகி, போனில் எண்ணைப் படிக்கலாம். பி0300 என்றால் சிலிண்டர்கள் விட்டுவிட்டு எரிகின்றன. பி0171 என்றால் பெட்ரோலைவிடக் காற்று அதிகம். அந்த எண் எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. எண்ணை நோட்டில் எழுதாமல் அழித்துவிடாதீர்கள், மெக்கானிக்குக்கு அது வேண்டும்.

ஆயில் மாற்றுவது பலருக்கு ஆசை. அடியில் போகாமல் அதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய பைப்பை இறக்கி, பம்பால் மேலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம். இன்ஜின் இளஞ்சூடாக இருந்தால் ஆயில் எளிதாக வரும். உங்கள் வண்டியில் ஆயில் ஃபில்டர் மேலிருந்து கைக்கு எட்டினால் மட்டும் இதில் இறங்குங்கள். அடியில் இருக்கும் வண்டி என்றால் மெக்கானிக்கிடமே விடுங்கள், ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். ஃபில்டர் மேலேயே எழுதியிருப்பார்கள். எடுத்த ஆயிலை அளந்து பார்த்து, கையேடு சொல்லும் ரகத்தில் கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி உங்கள் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்தால், அங்கே சேரும் ஆயிலோடு மறுசுழற்சிக்குப் போகும். அப்படியே உங்கள் நோட்டையும் அவரிடம் காட்டி, இந்தத் தடவை அவர் அடியில் பார்க்க வேண்டியது என்னென்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.